காயமுற்ற பறவையும் அறிவுள்ள கருணையும்



நாம் வாழும் இத் தில்லி மாநகரில், பிரோஸ் ஷா கோட்லா என்னும் பழங்கோட்டையின் இடிபாடுகளுக்கு மேலே ஒரு கற்றூண் நிற்கின்றது. அஃது அசோக மாமன்னர் நிறுவிய தூண். தோப்ரா என்னும் ஊரில் இருந்த அதனைப் பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் என்ற சுல்தான் இங்குக் கொணர்ந்து நிறுத்தினார். 1837 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் என்பார் அதன் எழுத்துக்களின் பொருளைக் கண்டறிந்தார். அதிற் பொறிக்கப்பட்டுள்ள ஆணைகளுள் ஒன்று, மன்னர் முடிசூடிய இருபத்தாறாம் ஆண்டில் கொல்லலாகா என்று விதித்த உயிர்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகின்றது. அவ்வரிசையின் தொடக்கத்திலேயே கிளி, மைனா, சக்கரவாகம், அன்னம் ஆகிய பறவைகள் நிற்கின்றன. அம்மன்னரின் பாறைக் கல்வெட்டு ஒன்று, மனிதருக்கும் விலங்குகளுக்கும் என இருவகை மருத்துவம் ஏற்படுத்தப்பட்டதைச் சொல்லுங்கால், சோழ பாண்டிய நாடுகளையும் உடன் குறிக்கின்றது. ஆகவே, வாய்பேசா உயிருக்கு மருந்து செய்வது நமக்கு அயலான அறம் அன்று.

அத் தூணின் அருகே நின்று நிமிர்ந்து நோக்கினால், கரும்பருந்துகள் வட்டமிடுவதைக் காணலாம். அதே வானத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 15 ஆம் நாளையொட்டி எண்ணற்ற காகிதப் பட்டங்கள் ஏறுகின்றன. பட்டத்தைத் தாங்கும் மாஞ்சா நூல் கண்ணாடித் தூள் பூசப்பெற்றது. நைலான் முதலிய செயற்கை இழையால் ஆன மாஞ்சாவை 2017 ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடெங்கும் தடை செய்தது. ஆயினும் அது மறைவில் விற்கப்படுகின்றது. மரங்களிலும் கம்பிகளிலும் சிக்கித் தொங்குகின்றது. பறந்து வரும் பறவையின் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. சிறகின் முன்விளிம்பில் உள்ள மெல்லிய சவ்வையும், அதன் உள்ளே ஓடும் தசைநாரையும் அந்நூல் கத்தியைப்போல் அறுத்துவிடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய ஓர் ஆகஸ்டு மாலையில், நம் கூட்டத்திற்கு வந்த சிறுவர் இருவர் ஒரு மாடப்புறாவை ஏந்தி வந்தனர். அதன் இடச்சிறகில் மாஞ்சா சுற்றியிருந்தது. நாம் அனைவரும் எழுந்து அதனைச் சூழ்ந்து கொண்டோம். ஒருவர் நூலைப் பற்றி இழுத்தார். ஒருவர் மஞ்சளைத் தேங்காயெண்ணெயிற் குழைத்துப் புண்மீது அப்பினார். ஓர் அம்மையார் அதன் அலகைப் பிரித்துக் கரண்டியால் பாலும் நீரும் புகட்டினார். குழந்தைகள் முறைவைத்து அதன் தலையைத் தடவினர். நாமோ அதன் நலம் வேண்டி உரத்த குரலில் மெத்த சுத்தம் ஓதினோம். ஓதி முடியுமுன் அப் புறா மாண்டது.

அன்று அங்கிருந்தோருள் கொடியவர் எவரும் இலர். அனைவர் கண்களிலும் நீர் இருந்தது. நிகழ்ந்ததைப் பின்னர் ஒரு கால்நடை மருத்துவரிடம் கூறினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாம் செய்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அஃது எவ்வாறு தீங்காயிற்று என்று விளக்கினார். நாம் வெட்கித் தலைகுனிந்தோம். நம்மிடம் கருணை குறையவில்லை. கருணைக்குக் கண்ணாக இருக்கவேண்டிய அறிவு குறைந்தது. அப் புறாவின் பொருட்டே இன்று இதனைப் பேசுகின்றோம்.

வயிற்றுக் கடுப்பால் வருந்தித் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவான் புத்தர் கண்டு, ஆனந்தருடன் சேர்ந்து தம் கையாலேயே நீராட்டிக் கட்டிலிற் கிடத்திய வரலாற்றை நாம் அறிவோம். தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணிசெய்க என்று அவர் அப்பொழுது அருளினார். அவ்வளவில் நின்றாரல்லர். நோயாளியைப் பேணுவோனுக்கு வேண்டிய தகுதிகள் ஐந்து என விநயத்தில் வகுத்தும் உரைத்தார். மருந்து செய்யும் திறன் வேண்டும்; ஏற்றது இது, ஏலாதது இது என்று அறிதல் வேண்டும்; ஊதியம் கருதாது அன்பினாற் செய்தல் வேண்டும்; கழிவுகளை அகற்ற அருவருத்தல் ஆகாது; நல்லுரையால் நோயாளியின் மனத்தைத் தேற்றுதல் வேண்டும். அன்பு ஒன்றே போதும் என்று அவர் கூறாமையைக் கவனிப்போமாக. ஐந்தனுள் அன்பும் ஒன்று. அஃது அறிவுக்குப் பின்னர் வைக்கப்பட்டுள்ளது. இவ் வைந்தையும் காயமுற்ற பறவைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, திறன். நம்முள் பெரும்பாலோர் மருத்துவர் அல்லர். ஆகலின் நம் திறனின் எல்லையை அறிவதே நம் முதல் திறன். பறவையைக் குணப்படுத்துவது நம் வேலையன்று. மருத்துவர் கையிற் சேரும்வரை அதன் உயிர் போகாமற் காப்பதே நம் வேலை. அதற்கு வேண்டுவன மூன்று: இருள், வெதுவெதுப்பு, அமைதி.

கீழே விழுந்து கிடக்கும் பறவையின்மீது ஒரு துணியை மெல்லப் போர்த்துக. கண்ணுக்கு ஒளி மறைந்தவுடன் அதன் அச்சம் பாதி தணியும். இரு சிறகுகளும் உடலோடு ஒட்டியிருக்குமாறு துணியோடு சேர்த்து எடுக்க. மார்பை அழுத்தலாகாது. நமக்குள்ளதுபோல் மூச்சை இயக்கும் உதரவிதானம் பறவைக்கு இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு உண்டு. இறுகப் பிடித்த அன்புக்கையே அதனை மூச்சடைக்கச் செய்துவிடும். பருந்து, ஆந்தை ஆயின் கால்நகங்களுக்கு அஞ்சுக. கொக்கு, நாரை ஆயின் அவற்றின் அலகு நம் கண்ணையே குறிவைக்கும். முகத்தை விலக்கிப் பிடிக்க.

பின்னர், காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டி ஒன்றில் பழந்துணி விரித்து அதனுள் வைத்து மூடுக. கம்பிக் கூண்டு ஆகாது. படபடத்துச் சிறகிறகுகள் முறியும். பறவையின் உடற்சூடு பெரும்பாலும் 40 முதல் 42 பாகை செல்சியஸ். நம் உடலினும் மிகுதி. அடிபட்டு அதிர்ச்சியுற்ற பறவை அச் சூட்டை விரைவில் இழக்கும். குளிர்காலமாயின், வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒரு புறத்தில் மட்டும் வைக்க. சூடு மிகுந்தால் அது மறுபுறம் நகர்ந்துகொள்ள இடம் இருத்தல் வேண்டும். தில்லியின் கோடையில் அலகு திறந்து இளைத்து விழும் பறவைக்கோ இது தலைகீழ், வெதுவெதுப்புத் தேவையில்லை. நிழலும் காற்றோட்டமுமே அதற்கு மருந்து. நிமிர்ந்து நிற்கும் தெளிவு அதற்கு இருப்பின், ஆழமற்ற தட்டில் நீர் வைத்து விலகிவிடுக. வேண்டுமாயின் அதுவே அருந்தும்.

இரண்டாவது, ஏற்றதும் ஏலாததும் அறிதல். நம் புறாவைக் கொன்றது இவ்வறியாமையே. பறவையின் நாவினடியில் மூச்சுக்குழலின் வாய் திறந்துள்ளது. நாம் ஊற்றும் நீர் இரைப்பைக்குச் செல்லாமல் நுரையீரலுக்குச் செல்லக்கூடும். ஆகவே வாயில் நீர் புகட்டுதல் அறவே கூடாது. பால், பறவைக்கு இயற்கை உணவன்று. அதனைச் செரிக்கும் ஆற்றல் அதற்கில்லை. சோறும் ரொட்டியும் வேண்டா. நெடும்பசியால் மெலிந்த உடலுக்கு உடனே உணவு திணிப்பதும் கேடு. எண்ணெய் இறகுகளை ஒட்டச்செய்து, குளிரையும் மழையையும் தாங்கும் அவற்றின் இயல்பைக் கெடுக்கும். மஞ்சட் குழம்பும் களிம்பும் அத்தகையனவே. குருதி ஒழுகினால் தூய துணியாற் சில நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தல் போதும்.

மாஞ்சா சுற்றியிருந்தால் இழுக்கலாகாது. இழுக்க இழுக்க அது வாள்போல் உள்ளே இறங்கும். புண்ணின் இருபுறமும் சிறிது நீளம் விட்டுக் கத்தரியால் நறுக்குக. தசையிற் புதைந்ததை மருத்துவர் எடுக்கட்டும். மரத்தின் உச்சியிற் சிக்கித் தொங்கும் பறவைக்குத் தீயணைப்புப் படையினரை அழைக்க. சிறகு முறிந்து தொங்கினால் குச்சி வைத்துக் கட்டலாகாது. பறவையின் எலும்புகள் பல உட்குழிந்தவை. தோளைச் சார்ந்த சிறகெலும்பு பல பறவைகளில் மூச்சுப்பைகளோடும் தொடர்புடையது. அதனை இயற்கையாக மடிந்திருக்கும் நிலையில் வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றினால் அமையும். பூனை கவ்விய பறவை பார்வைக்கு நலமாகத் தோன்றினும் நம்பற்க. பூனைப் பல்லில் உள்ள நுண்கிருமி ஓரிரு நாளிற் பறவையைக் கொன்றுவிடும். அன்றே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

உதவி வேண்டாத பறவைக்கு உதவாதிருத்தலும் இவ்வறிவின் பாற்பட்டதே. இறகு முளைத்து, வால் குறுகி, தரையில் தத்தித் திரியும் குஞ்சைக் கண்டதும் அநாதை என்று இரங்கி வீட்டுக்குக் கொணர்கின்றோம். அது பறக்கக் கற்கும் பருவத்தது. தாயும் தந்தையும் அருகிலிருந்து உணவூட்டும். பூனைக்கு எட்டாத புதரின்மேல் அதனை எடுத்து வைத்து விலகி நிற்றலே தக்கது. இறகு முளையாச் செங்குஞ்சு விழுந்திருந்தால் அதன் கூட்டிலேயே திரும்ப வைக்க. மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை குஞ்சைக் கைவிடும் என்பது வெறுங்கதை. இரங்கத் தக்கது எது, நம் இரக்கத்தினின்று தப்புவிக்கத் தக்கது எது என்று பகுத்தறிதலும் பஞ்ஞையே ஆகும்.

மூன்றாவது, ஊதியம் கருதாமை. பொருள் மட்டுமே ஊதியம் அன்று. காயமுற்ற பறவையைக் கையில் ஏந்திக் கைப்பேசியிற் படம் எடுத்துப் பிறருக்குக் காட்டுவதும் ஊதியமே. புண்ணியம் வேண்டிக் கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுவதும் ஊதியமே. நாம் கொடுக்கும் காசு, மறுநாள் வேறு பறவைகளைப் பிடிக்க வலையாகின்றது. குணமான கிளியை அழகு கருதி வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஆசையும் ஊதியம். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 இல் இயற்றப்பட்டது. அச் சட்டத்தின் காப்புப் பெற்ற உயிர் நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ அறிவித்தல் வேண்டும். கிளியையும் மைனாவையும் கூண்டில் வளர்த்தல் குற்றம். சட்டம் இல்லாவிடினும் அது தம்மத்துக்கு மாறே.

நான்காவது, அருவருப்பின்மை. இதனைச் சற்று ஆழ்ந்து சிந்திப்போம். எச்சத்தைத் துடைப்பதும் புழுத்த புண்ணைக் காண்பதும் எளிதன்று; ஆயினும் பழகினால் வரும். உடல் அருவருப்பினும் கொடியது உள்ளத்து அருவருப்பு. இந் நகரில் நதீம் ஷெசாத், முகம்மது சவூத் என்னும் சகோதரர் இருவர் உளர். இளமையில் காயமுற்ற கரும்பருந்து ஒன்றைக் கண்டு, ஒரு பறவை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். பருந்து ஊனுண்ணும் பறவை ஆகலின் அங்கு அதனை ஏற்க மறுத்தனர். பின்னர் அவர்கள் தாமே சிகிச்சை பயின்று, தம் தொழிற்கூடத்தின் கீழ்த்தளத்திலேயே ஆயிரக்கணக்கான பருந்துகளைப் பேணினர். அவர்தம் பணியை ஷௌனக் சென் என்பார் எடுத்த 'ஆல் தட் பிரீத்ஸ்' என்னும் ஆவணப்படம் 2022 இல் உலகறியச் செய்தது.

அன்பர்களே! என்ன உண்கின்றாய் என்று கேட்டு வாயிலை அடைக்கும் வழக்கம் நமக்குப் புதிதோ? நச்சம்பு தைத்த மனிதன் ஒருவனைப் பற்றிப் பகவான் மாலுங்கியபுத்தருக்குக் கூறிய உவமையை நினைவு கூர்வோம். எய்தவன் க்ஷத்திரியனா, பிராமணனா, வைசியனா, சூத்திரனா என்று அறியும்வரை அம்பை எடுக்க விடேன் என்று பிடிவாதம் செய்பவன், அதனை அறியுமுன்னே மடிவான். குலம் கேட்டுக் காலம் கடத்துவோரால் உயிர் போகும் என்பதை நம் முன்னோர் தம் உடலாலேயே அறிந்தனர். ஆகலின் நம் வாயிலுக்கு வரும் பறவையை நாம் வினாவலாகாது. அன்னமும் கிளியும் அழகியன, காகமும் பருந்தும் இழிந்தன என்னும் பாகுபாடு நம் பெட்டிக்குள் புகலாகாது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகிப் அம்பேத்கர் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் ஒன்று, எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் கொண்டு அவற்றைக் காப்பது. எல்லா உயிரும் என்னும் சொல்லுள் பருந்தும் அடங்கும். பிணந்தின்னும் கழுகும் அடங்கும்.

அருவருப்பின்மை என்பது அசட்டுத் துணிவும் அன்று. வெறுங்கையால் தொடாது துணியோ கையுறையோ கொண்டு தொடுக. பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுக. வீட்டுக் கோழிகளினின்று பெட்டியை விலக்கி வைக்க. ஓரிடத்தில் பல பறவைகள் ஒருங்கே இறந்தோ நோயுற்றோ கிடந்தால், அது பறவைக் காய்ச்சலாக இருத்தல் கூடும். அவற்றைத் தொடாது கால்நடைத் துறையினருக்கு அறிவிப்பதே அங்குச் செய்யத் தக்கது.

ஐந்தாவது, நல்லுரையால் தேற்றுதல். மனிதருக்கு இது சொல். பறவைக்கு இது மௌனம். நாம் அதன் நண்பர் என்பதை அப் பறவை அறியாது. அதனைப் பொறுத்தவரை, குனிந்து நோக்கும் நம் முகம் தன்னைக் கொல்ல வந்த விலங்கின் முகம். கொஞ்சும் குரல் உறுமல். தடவும் கை பற்றும் நகம். அச்சம் ஒன்றே அதன் உயிரைப் போக்கவல்லது. நாம் அன்று உரக்க ஓதிய மெத்த சுத்தம் அதற்கு எவ்வாறு கேட்டிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு நோகின்றது. மெத்தையை நெஞ்சில் வைத்து வாயை மூடுதல் வேண்டும். பெட்டியை அடிக்கடி திறந்து பார்க்கும் ஆவலையும் அடக்குதல் வேண்டும். கண்ணாடிச் சன்னலில் மோதி மயங்கிய பறவைகளுட் சில, இவ்வாறு ஓரிரு மணி நேரம் இருளில் தனித்து இருந்தமையாலேயே தெளிந்து பறக்கின்றன.

இத்தனையும் செய்தும் பறவை இறத்தல் கூடும். அப்பொழுது நம்மை நாமே பழித்துக் கொள்ளுதலோ, இனி இப்பணி வேண்டா என்று சோர்தலோ தகாது. தோன்றிய யாவும் மறையும் என்பதை அச் சிறு பெட்டியின் அருகே அமர்ந்து அறிந்து கொள்வோம். அது சாலையில் மிதிபடாமலும் நாயின் வாயிற் படாமலும், இருளில் அமைதியாக முடிந்தது எனின், அதுவும் ஒரு பணியே.

இளவரசர் சித்தார்த்தரின் கதையை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். தேவதத்தன் எய்த அம்பால் விழுந்த அன்னத்தை அவர் எடுத்துக் காத்தார். அது யாருக்கு உரியது என்ற வழக்கில், கொல்ல முயன்றவனைக் காட்டிலும் காத்தவனுக்கே உயிர் உரியது என்று தீர்ப்பாயிற்று. பலரும் கதையை இவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். ஆனால் மரபு மேலும் ஒன்று கூறுகின்றது: புண் ஆறியதும் அவர் அதனை வானில் விட்டுவிட்டார். வழக்கில் வென்று பெற்ற உரிமையைக் கைதிறந்து விட்டமையாற்றான் அக் கருணை முழுமையுற்றது. வைத்துக் கொண்டிருந்தால், தேவதத்தனுக்கும் அவருக்கும் அன்னத்தின் கண்ணில் வேற்றுமை யாது?

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நம் சங்கத்தைச் சேர்ந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி மாஞ்சா அறுத்த கரும்பருந்து ஒன்றைக் கண்டாள். தன் துப்பட்டாவைப் போர்த்து எடுத்தாள், அட்டைப்பெட்டியில் வைத்து மூடினாள், நீர் புகட்டவில்லை, நூலை இழுக்கவில்லை. திறந்து காட்டும்படி தெருப்பிள்ளைகள் கெஞ்சியும் திறந்திலள். தந்தையுடன் சென்று, பருந்துகளைப் பேணுவோரிடம் அன்றிரவே ஒப்படைத்தாள். சில வாரங்களுக்குப் பின்னர் அப் பறவை தேறி விடுவிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அவளிடம் சொன்னபோது, மேலே வட்டமிடும் பருந்துகளை நிமிர்ந்து நோக்கி, "இவற்றுள் எது அஃது?" என்று கேட்டாள். எவராலும் விடை கூற இயலவில்லை.

அது நம்மை அறியாது, நம்மை நினையாது, நன்றியும் கூறாது. அப் புறாவுக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியை அச் சிறுமி அடைத்தாள். எஞ்சியதை அடைப்பது நம் அனைவர் கடமை. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அட்டைப்பெட்டியும், ஒரு பழந்துணியும், அருகிலுள்ள பறவை மருத்துவரின் தொலைபேசி எண்ணும் இன்றே ஆயத்தமாக இருக்கட்டும்.

தரையில் ஊர்வனவும், நீரில் நீந்துவனவும், வானிற் பறப்பனவும் ஆகிய சகல உயிர்களும் துன்பம் நீங்கி இன்புற்றிருக்க!